பீரோ நிறையப் புடவை, காலையில் கட்ட ஒண்ணும் இல்லை

நாடாமுடிச்சு:
புதுசு எதுவும் வாங்காமல், இருக்கிற புடவைகளையே ஆசையாகக் கட்டுகிற மாதிரி செய்ய என்ன வழி? காஞ்சிப் பட்டு, மென்பட்டு, மதுரைச் சுங்குடி, கோவை கோரா, நாலைந்து ஜார்ஜெட் என்று ஒரு நாற்பது இருக்கும். வேலைநாளில் சுற்றிச் சுற்றி அதே ஐந்துதான் வெளியே வருகிறது. "கட்டாததைக் கொடுத்துவிடு" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம். எல்லாமே பிடித்து எடுத்தவை.

ஊசிநூல்:
பிடித்தும் கட்டாமல் கிடக்கிறது என்றால் கோளாறு ரசனையில் இல்லை. அந்தப் புடவை காலை ஏழரைக்குக் கட்டத் தயாராக இல்லை, அவ்வளவுதான். பிளவுஸ் கையில் இறுக்கும், ஃபால்ஸ் (புடவையின் அடிக்கரையில் உள்பக்கம் தைக்கும் பட்டித் துணி) அடித்திருக்காது, துவைத்துச் சுருட்டி வைத்தது அப்படியே இருக்கும், பொருந்துகிற நிறத்தில் உள்பாவாடை இருக்காது. இதில் ஒன்று குறைந்தாலும் கை தானாக அந்த ஐந்துக்குப் போய்விடும்.

அதனால் முதலில் பிரிக்க வேண்டியது பிடித்தது, பிடிக்காதது என்று அல்ல. எது குறைகிறது என்று பிரியுங்கள். எல்லாவற்றையும் கட்டிலில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டை ஊக்கால் குத்துங்கள். "பிளவுஸ் இறுக்கம்", "பிளவுஸே இல்லை", "ஃபால்ஸ்", "கஞ்சி, இஸ்திரி", "கறை", "கிழிசல்" என்று ஒரே வார்த்தைதான் இருக்க வேண்டும். சீட்டே தேவைப்படாதவை தனியாகப் போகட்டும். பெரும்பாலான பீரோக்களில் பெரிய குவியல் பிளவுஸ் சீட்டுதான். அதைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்தது.

ஃபால்ஸ் குவியலுக்கு ஒரு எச்சரிக்கை. புது ஃபால்ஸை அப்படியே அடிக்காதீர்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, தேய்த்த பிறகுதான் புடவையில் வைக்க வேண்டும். ஃபால்ஸ் பருத்தியாக இருந்தால் முதல் துவைப்பில் சுருங்கும், புடவை அந்த அளவுக்குச் சுருங்காது. கரை முழுக்கச் சுருக்கம் விழுந்து, கொசுவத்தின் அடி வளைந்து மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. ஃபால்ஸ் தையலை முழுக்கப் பிரித்து, சுருங்கிய ஃபால்ஸை இழுக்காமல் வைத்துக் கையால் ஹெம்மிங் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

வைகைக்கரை:
"ஆறு மாசம் தொடாததைத் தூக்கிப் போடு" என்கிற சட்டம் சட்டைக்கும் ஜீன்ஸுக்கும் பொருந்தலாம். பட்டுக்கு ஆறு மாசம் ஒரு கணக்கா? முகூர்த்தமே வராத மாசம் எத்தனை இருக்கு!

நாடாமுடிச்சு:
சீட்டுக் குத்திப் பார்த்தேன். பிளவுஸ்தான் முக்கால்வாசி. கை சுற்றளவும் மார்பும் இறுக்கம். பிரித்துவிட்டால் போதுமா, புதுசாகவே தைக்கணுமா?

கத்தரிக்கோல்:
முதலில் உள்ளே துணி விட்டிருக்கிறார்களா என்று பாருங்க. பிளவுஸைத் திருப்பிப் போட்டுப் பக்கத் தையலைப் பார்த்தால் தெரியும். நல்ல தையல்காரர் பக்கத்துக்கு ஒன்று, ஒன்றரை அங்குலம் விட்டு, கால் அங்குல இடைவெளியில் இரண்டு மூன்று கோடு தையல் போட்டிருப்பார்.

கணக்கு இதுதான். ஒரு கோட்டைப் பிரித்தால் முன்துணியில் கால் அங்குலம், பின்துணியில் கால் அங்குலம், ஆக ஒரு பக்கத்துக்கு அரை அங்குலம் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தால் சுற்றளவில் 1 அங்குலம். இரண்டு கோடு என்றால் 2 அங்குலம். அதற்குமேல் வேண்டுமென்றால் பிரித்து மட்டும் ஆகாது, பக்கத்தில் பட்டி வைக்கணும்.

பிரிக்கும்போது நிறையப் பேர் மார்பு இருக்கும் இடத்தை மட்டும் பிரிக்கிறாங்க. அப்படிச் செய்தால் அக்குளில் நாலு தையல் சேரும் இடம் முடிச்சு மாதிரி இழுத்து, கையைத் தூக்கினால் பிளவுஸே மேலே ஏறும். கை விளிம்பில் ஆரம்பித்து அக்குள் வழியாக இடுப்பு வரைக்கும் ஒரே நீளமாகப் பிரித்து, புதுத் தையலையும் அதே மாதிரி ஒரே ஓட்டத்தில் போடணும். தைத்த பிறகு அக்குள் வளைவில் உள்துணியை இரண்டு மூன்று இடத்தில் சின்னதாக வெட்டி விடுங்க, தையலைத் தொடாமல்.

பட்டுப் பிளவுஸில் ஒரு சிக்கல் உண்டு. பழைய ஊசி ஓட்டை தெரியும். கூடவே உள்ளே மடங்கியிருந்த துணி வெளுக்காமல் பளிச்சென்று இருக்கும், வெளித்துணி மங்கியிருக்கும். முந்தானை மறைக்கும் இடது பக்கத்தை மட்டும் அதிகமாகப் பிரிக்கலாமா என்று கேட்பாங்க. கூடாது, ஹூக் வரிசை கோணலாகிவிடும்.

பட்டி வைப்பதென்றால் கை விளிம்பிலிருந்து இடுப்பு வரை 1½ அங்குல அகலப் பட்டி, இரண்டு பக்கமும். இரண்டு ஓரத் தையலுக்குப் போக, பக்கத்துக்கு ஒரு அங்குலம் மிஞ்சும். அதே துணி கிடைக்காவிட்டால் புடவைக் கரை நிறத்தில் டூ பை டூ என்கிற சாதா பிளவுஸ் துணி போதும். அக்குளுக்குக் கீழே இருப்பதால் யார் கண்ணிலும் படாது.

லைனிங் வைத்த பிளவுஸ் "துவைத்ததும் சின்னதாயிடுச்சு" என்றால் பெரும்பாலும் லைனிங்தான் சுருங்கியிருக்கும். லைனிங்கை மட்டும் பக்கத்தில் பிரித்துத் தனியாக விட்டுவிடுங்க. வெளித்துணி அளவு சரியாகவே இருக்கும்.

கோவைக்காரி:
அண்ணா, முன்பக்கம் ஹூக் நடுவுல வாய் பிளக்குதுங்களே, அதுக்கு?

கத்தரிக்கோல்:
மார்பில் இறுக்கம் இருந்தால்தான் வாய் பிளக்கும். முதலில் பக்கத்தில் அரை அங்குலம் விட்டுப் பாருங்க. அப்புறமும் பிளந்தால் ஹூக் இடைவெளியை அளங்க. ஒண்ணே கால் அங்குலத்துக்கு மேல் இருந்தால் நடுவில் ஒரு பிரஸ் பட்டன் வைக்கணும். ஹூக்கை வரிசையாக ஒரே பக்கம் பார்த்து வைக்காமல், கடைசி ஒன்றை மட்டும் திருப்பி வைத்தால் தானாகக் கழலாது.

ஊசிநூல்:
"பிளவுஸே இல்லை" சீட்டுக்கு வருகிறேன். புடவைக்கு ஒரு பிளவுஸ் என்ற கணக்கை விட்டுவிட்டால் பீரோ திடீரென்று பெரிதாகிவிடும். நாற்பது புடவைக்கு எட்டு நல்ல பிளவுஸ் தாராளம். ஆனால் எந்த எட்டு என்பது ஆளுக்கு ஆள் மாறும். கறுப்பு, அரக்கு, கடுகு மஞ்சள், சந்தன வெள்ளை என்று பொதுப்பட்டியல் சொல்வார்கள். அதை நம்பித் தைக்காதீர்கள். உங்கள் புடவைகளைக் கேளுங்கள்.

கேட்கும் முறை இது. பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு புடவையிலும் மிகக் குறைவாக வரும் நிறம் எது என்று பாருங்கள். கட்டத்தில் ஓடும் ஒற்றை இழை, கரையை ஒட்டிய மெல்லிய கோடு, முந்தானையில் மட்டும் தலைகாட்டும் நிறம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபது புடவை முடிந்ததும் பட்டியலைப் பார்த்தால் ஒரே நிறம் ஆறேழு முறை வந்திருக்கும். அதுதான் முதல் பிளவுஸ். அந்த நிறத்தை மேலே எடுத்து வைத்ததும், புடவையில் இதுவரை கண்ணில் படாத கோடு பளிச்சென்று தெரியும். பழைய புடவையைப் புதுசாகப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

புடவையின் உடல் நிறத்திலேயே பிளவுஸ் தேடுவதுதான் மோசமான வழி. கிட்டத்தட்ட அதே நிறம், ஆனால் அரைப்புள்ளி மாறியது, என்பது பார்ப்பவருக்குத் தவறாகத்தான் தெரியும். ஒன்று துல்லியமாகச் சேர வேண்டும், இல்லையென்றால் தெளிவாக விலக வேண்டும்.

வைகைக்கரை:
ரெட்டை நிறப் பட்டுக்கு இன்னும் லேசு. புடவையோட உள்முனையில, இடுப்பில் செருகுற பக்கத்தில, ஓரமா நாலு இழைப் பிசிறை உருவிப் பாருங்க. பாவு (நீளவாட்டு இழை) ஒரு நிறம், ஊடை (குறுக்கு இழை) ஒரு நிறம் இருக்கும். மயில் கழுத்து நிறம்னு சொல்றதுல நீலமும் பச்சையும் தனித்தனியா கையில வந்து விழும். ரெண்டுல எதுல பிளவுஸ் போட்டாலும் சேரும். போட்டோ எடுத்துட்டுப் போய்த் துணி வாங்காதீங்க. அந்த உருவின இழையைச் செலோ டேப்ல ஒட்டி எடுத்துட்டுப் போங்க.

கரை நிறத்துக்கும் இதே கதைதான். கோர்வைப் புடவையில உடலுக்கு ஒரு ஊடை, கரைக்கு வேற ஊடைன்னு தனித்தனி தறிநாடா ஓடும். அதனால கரை நிறம் கலங்காம நிக்கும், அப்படியே பிளவுஸ் எடுக்கலாம். கோர்வை இல்லாத புடவையில உடம்போட ஊடையே கரைக்குள்ளயும் போகும். சிவப்புக் கரைன்னு நினைப்போம், பச்சை ஊடை ஓடி அது கிட்டத்தட்டப் பாக்கு நிறமா இருக்கும். அதுக்குச் சுத்தச் சிவப்புப் பிளவுஸ் போட்டா ஏன் ஒட்டலன்னே புரியாது.

நாடாமுடிச்சு:
இது நல்ல தகவல். அடுத்து கோரா. கட்டினால் ஆளே இரண்டு மடங்காகத் தெரிகிறது. சுங்குடி நேர் எதிர், துவண்டு விழுகிறது.

கோவைக்காரி:
கோரா பட்டும் பருத்தியும் கலந்த நெசவுங்க. புதுசுல விறைப்பாத்தான் நிக்கும். ரெண்டு மூணு தடவை அலசினா அடங்கும். அதுக்குக் கஞ்சியே போடாதீங்க. கொசுவத்தை மடிச்சு, இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் மட்டும் மடிப்போட வைச்சு நல்லா அமுக்கித் தேய்ங்க. கீழே விரியலாம், மேலே விரியக் கூடாது. உள்பாவாடையும் பாருங்க. அகலமான சுருக்குப் பாவாடை மேல கட்டினா எந்தப் புடவையும் உப்பும். ஆறு பீஸ் வெட்டு, இடுப்பில் சுருக்கமே இல்லாம, அடியில மட்டும் கொஞ்சம் விரிவு இருக்கிறது போதும். ஜார்ஜெட்டுக்குச் சாட்டின் பாவாடை வேண்டாங்க, வழுக்கும். பருத்திப் பாவாடை பிடிச்சு நிறுத்தும்.

நாடாவை இறுக்கிக் கட்டிக் கட்டி இடுப்பில் தோல் கறுத்துத் தடிச்சிருந்தா, கயிறு மாதிரி நாடாவை எடுத்துட்டு 1½ அங்குல அகலப் பட்டி வைச்சுக்கங்க. தினம் கட்டணும்னா இது அவசியம்.

கஞ்சித்தொட்டி:
சுங்குடிக்கு ஜவ்வரிசிக் கஞ்சி. 2 மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, 1 லிட்டர் தண்ணீரில் மணிகள் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்ச வேண்டும். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, மேலும் 3 லிட்டர் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு புடவைக்கு இது சரியான பதம்.

புடவையைக் காய்ந்தபடியே கஞ்சியில் போடக் கூடாது. காய்ந்த துணியில் முதலில் தொட்ட இடம் அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும், திட்டுத் திட்டாக விறைக்கும். அலசிப் பிழிந்த ஈரத்தோடு முக்கி, முழுதும் நனைந்ததும் எடுத்து, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் காயவிட வேண்டும். முழுக்கக் காய்வதற்கு முன்பே, தொட்டால் ஜில்லென்று இருக்கும்போதே இரண்டு பேர் நின்று கரையோடு கரை இழுத்து மடித்துவிட்டால் இஸ்திரி வேலை பாதியாகும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வைத்துத் தேயுங்கள்.

கறுப்பு, கருநீலம், அரக்கில் வெள்ளைப் படலம் விழுந்தால் கஞ்சி கெட்டி, அல்லது வடிகட்டவில்லை. சாதம் வடித்த கஞ்சியில்தான் இது அதிகம், பருக்கைத் துகள் நின்றுவிடும். திரும்பச் சுத்தத் தண்ணீரில் ஒரு முறை அலசினால் போகும். கஞ்சி போட்டதை மாதக்கணக்கில் உள்ளே வைக்காதீர்கள். கரப்பானும் பாச்சையும் தேடி வரும், மடிப்பில் இழை முறியும், ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும். அந்த வாரம் கட்டப்போவதற்கு மட்டும் கஞ்சி.

சுங்குடி அசலா என்று பார்த்துத் தேயுங்கள். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கியது கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் வேலைக்கு. அந்தப் பெயரில் கடையில் கிடைப்பதில் நிறைய அச்சு. கையால் முடிந்ததில் புள்ளி ஒவ்வொன்றும் கொஞ்சம் கோணலாக, நடுவில் துணி லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை அமுக்கித் தேய்த்துத் தட்டையாக்கினால் அழகே போச்சு.

சாம்பிராணி:
சுங்குடிச் சாயம் போகாமல் இருக்க முதல் தடவை கல் உப்பில் ஊறவைக்கணும். அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே.

கஞ்சித்தொட்டி:
வேண்டுமென்றேதான் விட்டேன். சாயப்பட்டறையில் உப்பு போடுவது, சாயம் தண்ணீரை விட்டு நூலுக்குள் போவதற்காக. நூலில் சாயத்தைக் கட்டிப்போடுவது அதற்குப் பிறகு போடும் சோடா காரம். சாயமேற்றி முடிந்த துணியை வீட்டில் உப்பில் போட்டால் ஒட்டாத சாயம் ஒட்டிக்கொள்ளாது. உப்புத் தண்ணீரில் குறைவாக வெளியே வருவதால் நின்றுவிட்ட மாதிரி தெரியும், அடுத்த முறை வெறும் தண்ணீரில் போட்டதும் மறுபடி வரும். மூன்று நான்கு முறை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், ஊறவைக்காமல் சட்டென்று அலசி எடுங்கள். மிச்சச் சாயம் போக வேண்டியது போயே தீரும். ஈரத்தோடு மடித்து மட்டும் வைக்காதீர்கள், சிவப்பு வெள்ளையில் ஏறுவது அப்போதுதான்.

சாம்பிராணி:
எங்க பக்கம் எல்லாரும் உப்புதான் போடுறோம். கெடுதல் ஒண்ணும் இல்லையே?

கஞ்சித்தொட்டி:
பருத்திக்குக் கெடுதல் இல்லை. ஜரிகைக் கரை இருந்தால் மட்டும் வேண்டாம்.

நாடாமுடிச்சு:
கொசுவம் பற்றி. எல்லா வீடியோவிலும் ஏழு மடிப்பு வருகிறது. எனக்கு ஐந்துக்கு மேல் வரவே இல்லை. எங்கே துணி போகிறது?

ஊசிநூல்:
எங்கேயும் போகவில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். புடவை 5.5 மீட்டர், அதாவது 550 செ.மீ. இடுப்புச் சுற்று 95 செ.மீ. உள்ளவருக்கு முதல் சுற்றுச் செருகல் 110. கொசுவத்துக்குப் பிறகு முதுகைச் சுற்றி முன்னால் வர 100, மார்பின் குறுக்கே இடது தோள் வரை 60, தோளிலிருந்து பின்னால் முழங்கால் வரை 100, ஆக 260. மிச்சம் 180. ஒரு மடிப்பு 5 அங்குலம் என்றால் போக வர 25 செ.மீ. பிடிக்கும். 180-ஐ 25-ஆல் வகுத்தால் ஏழு.

இடுப்புச் சுற்று 115 என்றால் முதல் சுற்று 130, பிறகு 280. மிச்சம் 140, ஐந்தரை மடிப்பு. அதாவது உங்கள் ஐந்து மடிப்பு சரியானதே. ஏழு வரவேண்டும் என்று மடிப்பை 4 அங்குலமாகச் சுருக்கினால் நடக்கும்போது முன்பக்கம் வாய் திறந்துகொள்ளும். வேண்டுமானால் முந்தானையைக் கொஞ்சம் குறையுங்கள். முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றால் வேலைநாளுக்கு அதுதான் வசதி, நாற்காலிச் சக்கரத்திலும் மாட்டாது.

பழைய பருத்திப் புடவை பன்னா (அகலம்) குறைவாக இருந்து கணுக்காலுக்கு மேலேயே நின்றால், செருகுகிற மேல்விளிம்பில் 4 அங்குலத் துணி ஒட்டுப் போடுங்கள். பாவாடைக்குள் போய்விடும். நீளம் போதாவிட்டால் உள்முனையில் 1 மீட்டர் பருத்தித் துணி சேர்த்துத் தையுங்கள். முதல் சுற்றில் மறைந்துபோகும் அந்த மீட்டரில் பட்டு இருந்தால் என்ன, மல்லுத் துணி இருந்தால் என்ன?

கறிவேப்பிலை:
பட்டை ஆபீசுக்குக் கட்டலாமா? "ஃபங்ஷனா?"னு கேக்குறாங்களே.

வைகைக்கரை:
கட்டலாம். அந்தக் கேள்வியை வரவைக்கிறது புடவை இல்லை, கூடச் சேர்ற மத்த சாமான். அதே பட்டு, அதே ஜரிகைப் பிளவுஸ், ஜிமிக்கி, பூன்னு முழு செட்டா வந்தா கல்யாணக் களைதான். சின்னக் கரை மென்பட்டுக்கு முழங்கை வரை வெறும் பருத்திப் பிளவுஸ், கலம்காரியோ சாதா டூ பை டூவோ, போட்டுப் பாருங்க. முந்தானையைப் பட்டையா மடிச்சு ஊக்குப் போடாம ஒத்தையா தோள்ல விடுங்க. ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெரிய ஜரிகைக் கரையைத்தான் வேலைநாளுக்கு இழுக்க முடியாது. அதுக்கு வெள்ளிக்கிழமை இருக்கு.

கட்டி வந்ததும் மடிச்சு உள்ள வைக்காதீங்க. வியர்வை போக நிழல்ல ரெண்டு மணி நேரம் கொடியில கிடக்கட்டும். சென்ட்டைப் புடவை கட்டுறதுக்கு முன்னாடியே உடம்புல அடிச்சுக் காயவிடுங்க, ஜரிகை மேல பட்டா கறுக்கும். சோப்புத்தூள் காரம் பட்டு இழையை அரிக்கும். வீட்டுல அலசுறதா இருந்தா பூந்திக்கொட்டைத் தண்ணி, குளிர்ந்ததா, அஞ்சு நிமிஷம், முறுக்காம. கனத்த ஜரிகை இருந்தா டிரை கிளீனிங்கே மேல்.

வைக்கிறது பழைய வேட்டித் துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல வேண்டாம். நாப்தலின் உருண்டை ஜரிகையில படவே கூடாது. வசம்பைத் துணியில முடிஞ்சு மூலையில போடுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாத்துங்க. பட்டு நடுவுல கிழியறது இல்லை, வருஷக்கணக்கா ஒரே இடத்துல மடிச்ச கோட்டுலதான் விடும்.

கத்தரிக்கோல்:
மடிப்பில் விட்டுப்போனதை வெறும் தையலால் இழுத்துப் பிடிக்காதீங்க, பக்கத்தில் அடுத்த கிழிசல் விழும். பின்னால் அதே நிறத்தில் மெல்லிய துணி வைத்துப் பொடி ஓட்டம் போடணும். நீளமாகக் கிழிந்திருந்தால் அந்த இடம் முதல் சுற்றில் விழுகிற மாதிரி புடவையைத் திருப்பிக் கட்ட முடியுமா பாருங்க. உடல் கந்தலாகிக் கரை மட்டும் நன்றாக இருந்தால், கரையை வெட்டிச் சாதாப் பருத்திப் புடவையில் ஏற்றலாம். ஆனால் கரையையும் முன்னாடியே ஒரு தரம் அலசிடணும், காரணம் ஃபால்ஸுக்குச் சொன்னதேதான்.

நாடாமுடிச்சு:
எல்லாம் சரிசெய்த பிறகு தினமும் எதை எடுப்பது என்ற குழப்பத்துக்கு?

கோவைக்காரி:
காலையில யோசிக்கவே கூடாதுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு ஹேங்கர். ஒவ்வொண்ணுலயும் தேய்ச்ச புடவை, பிளவுஸ், பாவாடை, ஒரு சின்னத் துணிப்பையில ஊக்கும் வளையலும் தோடும். அஞ்சுல மூணு வழக்கமானது, ஒண்ணு ரொம்ப நாளா கட்டாதது, ஒண்ணு பழைய புடவைக்குப் புதுப் பிளவுஸ் ஜோடி. அஞ்சையும் புதுசா மாத்துனா புதன்கிழமையே வெறுத்துடும். பீரோவுல புடவைக்கும் பிளவுஸுக்கும் தனித்தனி அடுக்கு வைக்காதீங்க, ஜோடி தேடுறதுலயே நேரம் போயிடும்.

முந்தானையை ராத்திரியே மடிச்சுத் தேய்ச்சு வைச்சுடலாம். 4 அங்குல மடிப்பு, பன்னாவுக்கு அஞ்சு ஆறு வரும். தோள் வர்ற இடத்துல ஒரு துணி கிளிப். காலையில கொசுவம் மட்டும்தான் வேலை.

கறிவேப்பிலை:
தினம் கட்டினா தோள்ல ஊக்கு குத்தின இடம் ஓட்டை விழுதே, மென்பட்டுல முக்கியமா.

கத்தரிக்கோல்:
மேல் மடிப்பைக் குத்தாதீங்க. முந்தானை மடிப்பின் அடிப்பக்க இரண்டு அடுக்கையும் பிளவுஸையும் மட்டும் சேர்த்து, பிளவுஸின் உள்ளேயிருந்து குத்துங்க. ஊக்கின் சுருள் வளையத்தில்தான் இழை சிக்கிக் கிழியும். குத்துவதற்கு முன் ஒரு சின்னச் சட்டைப் பட்டனையோ பாசிமணியையோ ஊக்கில் கோத்து அந்த வளையம் வரை தள்ளிவிட்டால் துணி அதற்குள் போகாது. துருப்பிடித்த ஊக்கு ஒன்றுகூட டப்பாவில் இருக்கக் கூடாது. ஓட்டை விழுந்தால் மறைக்கலாம், துருக்கறை வெளிர்நிறப் பட்டில் லேசில் போகாது.